கிரவலுக்கும் காபெட்டுக்கும் ஒரே கார்: பின்பக்கச் சொக்கைக் கூட்டிக் குறைக்கும் முறை

வன்னியின் ஜெயபுரத்தில் கார் வைத்திருப்பவர் ஒரே நாளில் இரண்டு விதமான வீதியில் ஓடுகிறார். ஏ32 காபெட் வீதியில் ஏறினால் தெற்கே முழங்காவில், வடக்கே பூநகரி. 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு, பரந்தன், ஆனையிறவு என்று சுற்றாமல் அந்த வழியாகவே யாழ்ப்பாணம் போய்விடலாம். ஆனால் பிரதான வீதியிலிருந்து குடியிருப்புக்குள், குளக்கட்டுப் பக்கம், வயல் பக்கம் என்று திரும்பியதும் கிரவல் தொடங்கிவிடும். மாரியில் சேறும் கிடங்கும், கோடையில் புழுதியும் அலை அலையான மேடு பள்ளமும். காபெட்டில் ஒட்டிப் பிடித்து ஓடும் கார் கிரவலில் பல்லைக் கிட்ட வைக்கிறது. கிரவலில் மெதுமையாகப் போகும் காரோ காபெட்டில் மதகைத் தாண்டும்போது இரண்டு மூன்று தரம் அமர்ந்து எழும்புகிறது.

கூட்டிக் குறைக்கக்கூடிய கொயில்ஓவர் பூட்டிய கார் என்றால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அதற்கு வேண்டியது பொறுமை, ஒரு கொப்பி, சரியான சில ஆயுதங்கள். முன்பக்கத்தில் வேலை இலகு: பொனற்றைத் திறந்தால் சொக்கின் தலை முன்னால் நிற்கும். பின்பக்கத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். தலை துணிக்கும் பிளாஸ்ரிக்குக்கும் பின்னால் ஒளிந்திருப்பதால், பூட்டிய நாளில் கராஜில் வைத்த அளவிலேயே கார் வருடக்கணக்கில் ஓடுகிறது. இந்த அத்தியாயம் அந்தப் பின்பக்கத்தைப் பற்றியது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்தக் காலம் முழுக்க, இருந்த காரை வைத்துத்தான் எல்லோரும் ஓடினோம். பழைய சொக்கைக் கழற்றிவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கொயில்ஓவரைப் பூட்டியவர்கள் நிறையப் பேர். அப்படிப் பூட்டிய செற் ஒவ்வொன்றும் வேறு யாரோ ஒருவருடைய வீதிக்கு வைத்த அளவில் வந்தது. அதை நம்முடைய வீதிக்கு மாற்றவேண்டும்.

சொக் செய்யும் வேலை

காரின் நிறையைத் தாங்குவது ஸ்பிரிங். சொக் நிறையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. உள்ளே ஒயில், நடுவில் சிறு துளைகளும் வால்வுகளும் கொண்ட ஒரு பிஸ்டன். மருந்தேற்றும் ஊசியை மெல்ல அழுத்தினால் இலகுவாகப் போகும், வேகமாக அழுத்தினால் எதிர்த்து நிற்கும் அல்லவா? சொக்கும் அப்படித்தான். அசைவு எவ்வளவு வேகமோ, எதிர்ப்பும் அவ்வளவு. அந்த அசைவின் சக்தி ஒயிலில் சூடாக மாறிவிடுகிறது. கிரவலில் நெடுநேரம் ஓடிய சொக்கைத் தொட்டுப் பார்த்தால் சுடுவது இதனால்தான்.

ஸ்பிரிங்கும் சொக்கும் ஒரே அலகாக, ஸ்பிரிங்குக்குள் சொக் நிற்கும்படி அமைந்ததே கொயில்ஓவர். அதில் நீங்கள் மாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, தலையில் இருக்கும் திருகி: அது ஒயில் ஓடும் வழியைக் கூட்டிக் குறைக்கும். மற்றது, உடலில் இருக்கும் வளையங்கள்: அவை காரின் உயரத்தையோ ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தையோ மாற்றும். திருகியைத் திருப்பிக் காரை உயர்த்த முடியாது. வளையத்தைத் திருப்பி ஆட்டத்தை அடக்க முடியாது. கராஜ்களில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பங்கு இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

இன்னொரு குழப்பம் கேட்கும் விதத்திலேயே இருக்கிறது. "அண்ணை, நல்லா இறுக்கி விடுங்கோ, ஆடாம நிக்கட்டும்" என்றுதான் பலர் கேட்கிறார்கள். இறுக்கிய சொக் பலமான சொக் அல்ல. ரயர் வீதியில் பதிந்திருந்தால்தான் பிறேக்கும் பிடிக்கும், ஸ்ரெயறிங்கும் கேட்கும். இரவில் ஏ32இல் மாடு படுத்திருப்பதைக் கண்டு வெட்டித் திருப்பும் அந்த ஒரு கணத்தில் உங்களைக் காப்பாற்றுவது வீதியில் பதிந்த நாலு ரயர்கள்தான். கிரவலில் இறுக்கமான சொக் ரயரை வீதியிலிருந்து கிளப்பி விடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிரவலில் அலைக்கு அலை 80 சென்ரிமீற்றர் இடைவெளி என்று வையுங்கள். மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடினால் விநாடிக்கு 11 மீற்றர் போகிறீர்கள்; சில்லு விநாடிக்கு 14 தரம் அடிவாங்குகிறது. ஒரு காரின் சில்லு தானாகத் துள்ளும் வேகமும் விநாடிக்கு 10 முதல் 15 தரம்தான். இரண்டும் ஒத்துப்போனால் துள்ளல் கூடிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் சொக்கின் விரியும் எதிர்ப்பு மிக இறுக்கமாக இருந்தால், ஒரு அலையில் அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து முடிவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். அமுங்கியபடியே படிப்படியாகக் கார் இறங்கி, கடைசியில் அடியிலுள்ள ரப்பரில் முட்டும். ஸ்பிரிங் மென்மையாக இருக்கும்போதே கார் கல்லுப்போல் அடிப்பதற்குக் காரணம் இது.

உங்கள் காரில் எந்த அமைப்பு?

ஆயுதம் எடுக்க முன்னர் காரின் அடியில் ரொர்ச் அடித்துப் பாருங்கள். பின்சில்லுக்கு உட்புறம் ஸ்பிரிங்குக்குள் சொக் நின்றால் அது கொயில்ஓவர் அமைப்பு. நம் ஊரில் இன்றும் ஓடும் கொரோலா 110, ஹொண்டா சிவிக் ஈகே, நிசான் சன்னி எஃப்பி15, மிற்சுபிசி லான்சர் சிஎஸ் ஆகியவை இந்த வகை. ஸ்பிரிங் ஓரிடத்திலும் சொக் இன்னோரிடத்திலும் தனித்தனியே நின்றால் அது பிரிந்த அமைப்பு. ஹொண்டா ஃபிற், சுசுக்கி ஸ்விஃப்ற் போன்ற சிறு கார்கள் பல அப்படி. பிரிந்த அமைப்புக்கும் கூட்டிக் குறைக்கும் சொக் கிடைக்கிறது. ஆனால் அதில் உயரத்தை மாற்றும் வளையம் ஸ்பிரிங்கின் இருக்கையில் இருக்கும், சொக்கில் இருக்காது.

அடுத்து, சொக்கின் பெயரையும் இலக்கத்தையும் உடலில் ஒட்டியுள்ள ஸ்ரிக்கரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 1985இல் யோகோஹாமாவில் தொடங்கிய டெய்ன் நிறுவனத்தின் ஃபிளெக்ஸ் இசட்டில் திருகிக்கு 16 நிலைகள். பீசீ றேசிங்கின் பீஆர் வகையில் 30. ஒல்லாந்தின் கொனியில் சில மாதிரிகளுக்கு வெளியில் திருகியே இல்லை: சொக்கைக் கழற்றி, பிஸ்டன் தண்டை முழுக்க உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் திருப்பவேண்டும். பெரும்பாலானவை வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். ஆனாலும் உங்கள் செற்றின் கையேட்டில் உறுதிசெய்த பிறகே கையை வையுங்கள்.

வேண்டிய ஆயுதங்கள்

- காரின் நிறையைத் தாங்கும் இரண்டு ஸ்ராண்ட், ஒரு ஜக், சில்லுக்கு அணை கொடுக்க இரண்டு மரக்கட்டைகள்.
- சொக்கெற் செற், அலன் கீ செற், டோர்க் ஸ்பனர்.
- வளையத்துக்கான கொக்கி ஸ்பனர் இரண்டு. ஒன்று பிடிக்க, மற்றது திருப்ப.
- கிளிப் கழற்றும் பிளாஸ்ரிக் நெம்புகோல். அதில்லாவிட்டால் தட்டையான ஸ்குறூ ட்றைவரின் நுனியில் துணி சுற்றியது.
- கம்பித் தூரிகை, துரு இளக்கும் ஒயில், அளவு நாடா, சுண்ணக்கட்டி.
- கொப்பியும் பேனையும். இவை இல்லாமல் தொடங்கவேண்டாம்.

தொடங்க முன்னர்

முதலில் ரயர்க் காற்று. சாரதிக் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்கு, ரயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். காற்று கூடிய ரயரின் துள்ளலைச் சொக்கின் குறை என்று நினைத்து ஏமாறுவது மிக இலகு.

இரண்டாவது, சொக் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தண்டைச் சுற்றி மெல்லிய ஈரப்பசை, அதில் கொஞ்சம் புழுதி ஒட்டியிருப்பது வழமை. ஆனால் உடலின் பாதி வரைக்கும் ஒயில் வழிந்து, அதில் சிவந்த மண் குழைந்து அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. எத்தனை நிலைக்குத் திருப்பினாலும் அந்தச் சொக் திருந்தாது. மாற்றவோ மீள்கட்டவோதான் வேண்டும். வளைந்த தண்டு, கீழ்ப் புஷ்சின் வெடிப்பு, உடைந்த ஸ்பிரிங் நுனி என்பவற்றையும் பாருங்கள்.

மூன்றாவது, மின்சாரம். ஹைபிரிட் கார் என்றால் முழுதாக நிறுத்தி, சாவியைத் தூர வையுங்கள். ரெடி நிலையில் இருந்தால் இயந்திரம் தானாக ஓடத்தொடங்கும். செம்மஞ்சள் நிற வயரைக் கண்டால் அது உயர் மின்னழுத்தம், கை வைக்கவே கூடாது. பின்சீற்றின் பக்கவாட்டில் எயார்பேக் என்ற எழுத்து இருந்தால், 12 வோல்ற் பற்றரியின் மறை முனையைக் கழற்றி, குறைந்தது 90 விநாடி பொறுத்த பிறகே சீற்றில் கை வையுங்கள். பிறியஸ் காரர் ஒன்று கவனிக்கவேண்டும்: பல மாதிரிகளில் அதன் 12 வோல்ற் பற்றரி பின்பக்க வலது மூலையில் இருக்கிறது, பின்கதவோ மின்சாரத்தில் திறப்பது. பற்றரியைக் கழற்றிய பிறகு கதவை மூடிவிட்டால் வெளியிலிருந்து திறக்காது. வேலை முடியும்வரை கதவு திறந்தே இருக்கட்டும்.

சொக்கின் தலையை எட்டுதல்

நிலைகளை மட்டும் மாற்றுவதற்குக் காரை உயர்த்தத் தேவையில்லை. தலையை எட்டினால் போதும். அதற்கு நாலு வழிகள்.

*டிக்கிக்குள்ளால்.* பல செடான்களில் டிக்கியின் இரு பக்கமும் சில்லுக்கு மேலே உலோகக் கூம்பு எழும்பி நிற்கும். அதை மூடியிருக்கும் துணியைக் கிளிப்புகள் பிடித்திருக்கும். கிளிப்பின் நடு ஊசியை முதலில் மேலே நெம்புங்கள். அது எழும்பிய பிறகு முழுக் கிளிப்பும் இலகுவாக வரும். நடு ஊசி எழும்பாமல் இழுத்தால் உடையும். வன்னி வெயிலில் வருடக்கணக்கில் நின்ற காரின் கிளிப்புகள் பிஸ்கட் போல் நொறுங்கும் நிலையில் இருக்கும் என்பதால் உபரியாக ஐந்தாறு வாங்கி வைத்திருங்கள்.

*பின்சீற்றைக் கழற்றி.* சில செடான்களில் தலை பின்சீற்றின் சாய்மானத்துக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டுக்கு அடியில் இருக்கும். இருக்கையின் முன்விளிம்பை இரண்டு கையாலும் மேலே தட்டி எழுப்பினால் அநேகமாக வரும். வராவிட்டால் விளிம்புக்கு அடியில் கொக்கி அல்லது போல்ற் இருக்கும். சாய்மானத்தின் கீழ் போல்ற்களைக் கழற்றி, அதை நேர்மேலே தூக்குங்கள். சீற் பெல்ற்றின் போல்ற்றைக் கழற்ற நேர்ந்தால், திரும்பப் பூட்டும்போது டோர்க் ஸ்பனரால்தான் இறுக்கவேண்டும்.

*ஹச்பாக், வாகன் வகையில்.* பக்கச் சுவரின் பிளாஸ்ரிக்கில் சிறு மூடி இருந்தால் அதைத் திறந்தால் போதும். இல்லையென்றால் முழுப் பக்கப் பிளாஸ்ரிக்கையும் கழற்றவேண்டும். கதவு ரப்பரை முதலில் இழுத்து விலக்கி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். பின்னால் விளக்குக்கோ ஸ்பீக்கருக்கோ போகும் வயர் இருக்கும், சடாரென்று இழுக்கவேண்டாம்.

*உள்ளே வழியே இல்லாதவை.* தலை சில்லுக்கூட்டுக்குள், இரண்டு போல்ற்றில் பூட்டியிருக்கும் கார்களும் உண்டு. அப்போது சில்லைக் கழற்றி, உடலுக்கும் தலைக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் விரலையோ குட்டை அலன் கீயையோ விடவேண்டும். அடிக்கடி மாற்ற நினைப்பவர்களுக்கு வளையும் நீட்டுத் திருகி கிடைக்கிறது. ஒரு முனையைச் சொக்கின் தலையில் பூட்டி, மறு முனையை டிக்கிக்குள் கொண்டுவரலாம். அதைச் செங்குத்தாக மடக்கவேண்டாம், மடங்கினால் இங்கே திருப்புவது அங்கே போய்ச் சேராது. சில சொக்குகளில் திருகி அடிமுனையில், கீழ்ப் போல்ற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். மேலே தேடி அலைய முன்னர் கீழேயும் பாருங்கள்.

தலை தெரிந்ததும் நீங்கள் காண்பது: சுற்றிவர இரண்டு அல்லது மூன்று நட்கள், அவை தலைத்தட்டை உடலோடு பிடிப்பவை. நடுவில் பெரிய ஒற்றை நட். அதன் நடுவே, தண்டின் உச்சியில் சிறு குமிழ் அல்லது அலன் கீக்கான துளை. உங்களுக்கு வேண்டியது திருகியான அந்தக் குமிழ் மட்டுமே.

நடு நட்டில் கை வைக்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். காரில் பூட்டியிருக்கும்போதோ, ஸ்பிரிங் அழுத்தி இல்லாமல் வெளியில் வைத்தோ அதைக் கழற்றினால், தலைத்தட்டு குண்டுபோல் பறக்கும். முகத்தையும் கையையும் இழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. ஸ்பிரிங்கை மாற்றும் வேலை எதுவானாலும் அழுத்தும் கருவியுள்ள கராஜுக்குத்தான் போகவேண்டும்.

நிலைகளை மாற்றுதல்

1. குமிழைச் சுற்றிய மண்ணைத் தூரிகையால் துடையுங்கள். துளைக்குள் மண் இருக்க அலன் கீயைச் செருகினால் விளிம்பு தேய்ந்துவிடும்.

2. இரண்டு விரலால் மெல்ல இறுக்கும் பக்கம் திருப்புங்கள். ஒவ்வொரு நிலையிலும் விரலில் சிறு சொடுக்கு படும். முடிவுக்கு வந்து நின்றதும் நிறுத்துங்கள். பலம் போட்டால் உள்ளிருக்கும் ஊசிமுனை வால்வு தன் இருக்கையில் புதைந்து, பிறகு எந்த நிலையும் வித்தியாசம் காட்டாது.

3. அப்படித் திருப்பும்போது எத்தனை சொடுக்கு என்று எண்ணுங்கள். பழைய நிலை அதுதான். கொப்பியில் இடது, வலது என்று தனித்தனியே எழுதுங்கள். பாவித்த செற்றில் இரண்டு பக்கமும் வெவ்வேறாக இருப்பது அதிசயமில்லை.

4. இனி முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 16 நிலையுள்ள சொக்கில் நம் வீதிக்குப் பத்தாவது சொடுக்கில் தொடங்கலாம். 30 நிலையுள்ளதில் இருபதில். இரண்டுமே நடுவைத் தாண்டிய மென்மைப் பக்கம். எண்ணிக்கை தவறிவிட்டால் மறுபடி முழு இறுக்கத்துக்குப் போய் முதலிலிருந்து எண்ணுங்கள்.

5. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் மட்டும் மாற்றவே கூடாது.

இப்போது ஓடிப் பார்க்கவேண்டும். எப்போதும் ஒரே பாதை, ஒரே வேகம், ஒரே பாரம். ஜெயபுரத்தில் இதற்கு வேண்டிய மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன: ஏ32இல் நேரான ஒரு துண்டு, மதகுக்கு ஏறி இறங்கும் ஓர் இடம், அலை விழுந்த கிரவல் ஒரு துண்டு. கிரவலில் 20, 30, 40 என மூன்று வேகத்தில் போங்கள். காபெட்டில் ஊருக்கு வெளியே சட்டம் தரும் 70ஐத் தாண்டவேண்டாம். அந்த வேகத்தில் தெரியாத குறை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. ஒவ்வொரு தரமும் இரண்டு சொடுக்குக்கு மேல் மாற்றாதீர்கள். 30 நிலையில் நாலு வரை போகலாம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

கார் சொல்வதை இப்படி வாசியுங்கள்:

- மதகு தாண்டியதும் பின்பக்கம் எழும்பி, அமர்ந்து, மறுபடி எழும்பினால் மென்மை கூடிவிட்டது. இரண்டு சொடுக்கு இறுக்குங்கள். ஒரு தரம் எழும்பி அமர்ந்து நின்றால் சரி.
- கிரவலில் சிறு அலையெல்லாம் சீற்றில் தெறித்து, பின்பக்கம் பக்கவாட்டில் நடனமாடினால் இறுக்கம் கூடிவிட்டது. இரண்டு சொடுக்கு தளர்த்துங்கள்.
- அலைத் தொடரின் தொடக்கத்தில் சுகமாக இருந்து, போகப்போகக் கடினமாகி முட்டினால், விரியும் எதிர்ப்பு கூடியதால் கார் படிப்படியாக இறங்குகிறது. தளர்த்துங்கள்.
- மழையில் வளைவில் வால் வழுக்கப் பார்த்தால், பின்பக்கம் முன்பக்கத்தைவிட மிக இறுகியிருக்கிறது. பின்பக்கத்தைத் தளர்த்துங்கள்.
- எந்த நிலையிலும் வித்தியாசமே தெரியாவிட்டால் வால்வோ சொக்கோ முடிந்துவிட்டது.

கிரவலுக்கும் காபெட்டுக்கும் இடையில் எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி கடைசியில் வரும். என் விடை தெளிவு: காபெட்டில் மதகுக்குப் பிறகு ஒரே ஆட்டத்தில் கார் நின்றுவிடும் நிலைகளுக்குள், ஆக மென்மையானதைத் தெரிவுசெய்யுங்கள். அதற்கு மேல் இறுக்கும் ஒவ்வொரு சொடுக்கையும் கிரவலில் ரயரின் பிடியும் புஷ்களின் ஆயுளும் பின்சீற்றில் இருப்பவரின் முதுகும் கட்டித் தீர்க்கின்றன. கிரவலில் அலையை உண்டாக்குவதே வாகனங்களின் வேகம்தான் என்பதால், சொக் எவ்வளவு நல்லதானாலும் அங்கே வேகத்தைக் குறைப்பதற்கு மாற்று இல்லை.

உயரமும் முன்னழுத்தமும்

இது காரை உயர்த்திச் செய்யும் வேலை. முதலில் காரைச் சமதரையில் நிறுத்தி, நாலு சில்லிலும் நடுப்பொத்தானிலிருந்து மேலேயுள்ள மட்காட் விளிம்புவரை அளந்து எழுதுங்கள். முன்சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்து, கிளப்பும் இடத்தில் ஜக் போட்டு, ஸ்ராண்டில் இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் போகாதீர்கள். கிரவல் முற்றத்தில் செய்வதானால் ஸ்ராண்டின் கீழ் தடித்த பலகை வையுங்கள். மண்ணில் ஒரு கால் புதைந்தாலே கார் சரிந்துவிடும்.

வளையங்களின் புரியை முதலில் கம்பித் தூரிகையால் சுத்தமாக்குங்கள். கிரவல் மண் புரிக்குள் இறுகி, மாரியில் நனைந்து, கோடையில் காய்ந்து சீமெந்தாகிக் கிடக்கும். ஒயில் விட்டு ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். சுத்தமாக்காமல் கொக்கி ஸ்பனரால் நெம்பினால் அலுமினிய வளையத்தின் பல் பிய்ந்துவிடும். சுத்தியலும் உளியும் கொண்டு தட்டுவது வேலையை அங்கேயே முடித்துவிடும்.

மலிவான வகையில் ஸ்பிரிங் இருக்கையை ஏற்றி இறக்கியே உயரம் மாறும். மற்ற வகையில் கீழ்த் தாங்கி தனியாகத் திருகும். அதில் உயரம் மாறினாலும் ஸ்பிரிங்கும் சொக்கின் ஓட்டமும் மாறாது. உங்கள் செற்றில் கீழ்த் தாங்கி தனியாக இருந்தால் உயரத்தை அங்கேயே மாற்றுங்கள். முன்னழுத்தத்துக்கு நிறுவனம் சொன்ன அளவு எதுவோ அதுவே இருக்கட்டும். சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து கடகடக்கக் கூடாது என்பது குறைந்தபட்ச விதி.

ஒரு தரத்தில் 5 மில்லிமீற்றர் போதும். சொக் சில்லிலிருந்து உட்பக்கம் தள்ளி நிற்பதால், வளையம் இறங்குவதைவிடக் கார் கூடுதலாக இறங்கும். வன்னியில் கார் இறக்குவதில் எந்த நன்மையும் இல்லை என்பதே என் கருத்து. மாரியில் கிரவல் வீதியின் நடுவில் உழவு இயந்திரத்தின் சில்லுத்தடம் இரண்டு பக்கமும் ஆழமாகி, நடு மேடு உயர்ந்து நிற்கும். அந்த மேடுதான் சைலென்சரையும் ஒயில் தட்டையும் கிழிக்கிறது. அறுவடைக் காலத்தில் டிக்கியில் நெல் மூடையும் பின்சீற்றில் மூன்று பேரும் என்றால் பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். கொம்பனி உயரத்தையோ அதற்கு 5, 10 மில்லிமீற்றர் மேலோ வைப்பது நல்லது.

உயரம் மாற்றியதும் பூட்டு வளையத்தை இருக்கை வளையத்தோடு இறுக்குங்கள். இரண்டின் குறுக்கே சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். கோடு விலகினால் வளையம் தளர்கிறது என்று அடுத்த முறை பார்த்தவுடன் தெரியும். பிறேக் குழாயில் சில்லின் நிறை தொங்கக்கூடாது. ஏபிஎஸ் வயர் இழுபடக்கூடாது. தானாக விளக்கை ஏற்றி இறக்கும் வசதியுள்ள கார்களில், பின்புற அச்சில் சிறு கம்பி ஒன்று உணரியோடு பூட்டியிருக்கும். உயரம் மாறினால் அது காரை ஏமாற்றும் என்பதால் விளக்கின் உயரத்தைத் திரும்பச் செற் பண்ணவேண்டும்.

சொக்கின் கீழ்ப் போல்ற்றைக் கழற்றியிருந்தால் கார் காற்றில் தொங்கும்போது முழுதாக இறுக்கவேண்டாம். ரப்பர் புஷ் அந்தத் தொங்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு, கார் இறங்கியதும் முறுக்குப்பட்டுச் சில மாதத்தில் கிழியும். சில்லைப் பூட்டிக் காரை இறக்கி, நிறை ஏறிய நிலையில் கையேட்டிலுள்ள டோர்க் அளவுக்கு இறுக்குங்கள். சில்லு நட்களையும் அதே ஸ்பனரால் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். பின்சில்லு தனித்தனியே இயங்கும் கார் என்றால், உயரம் மாறிய பிறகு சில்லின் கோணங்களும் மாறியிருக்கும். வீல் எலைன்மென்ற் பார்க்காமல் நெடுந்தூரம் போகாதீர்கள்.

வருடம் முழுக்கப் பேணுதல்

ஐப்பசியில் மழை தொடங்க முன்னரும் தையில் மழை விட்ட பிறகும் ஒரு தரம் பாருங்கள். சேற்றில் ஓடிய அன்றே, தண்ணீர்க் குழாயால் வளையங்களையும் தண்டின் ரப்பர் உறையையும் கழுவுங்கள். அழுத்தமான நீரை நேரே சீலில் அடிக்கவேண்டாம். பூநகரி, சங்குப்பிட்டிப் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்குக் கடலேரியின் உப்புக்காற்றும் சேரும். சுத்தமான புரியில் மெல்லிய கிறீஸ் பூசித் துணி உறை போட்டுக் கட்டினால் வளையம் நெடுநாள் சுழலும். தண்டில் கிறீஸ் பூசவே கூடாது, அதில் ஒட்டும் மண் சீலை அறுக்கும். வருடத்தில் ஓரிரு தரமாவது குமிழை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் திருப்பிவிட்டுப் பழைய எண்ணிக்கைக்குக் கொண்டுவாருங்கள். அசையாமலே கிடந்தால் இறுகிப் பிடித்துவிடும். கழித்த சொக்கைத் துளைக்கவோ நெருப்பில் போடவோ வேண்டாம். உள்ளே அழுத்திய வாயு இருக்கிறது.

கொப்பியில் ஒவ்வொரு தரமும் எழுதவேண்டியவை ஐந்தே: திகதி, ரயர்க் காற்று, முன் பின் சொடுக்கு எண்ணிக்கை, நாலு சில்லின் உயரம், மூன்று துண்டு வீதியிலும் கார் நடந்த விதம். அறுவடைப் பாரத்துக்கு ஒரு எண்ணிக்கை, வெறும் காருக்கு ஒரு எண்ணிக்கை என்று இரண்டு கிடைத்துவிட்டால், பிறகு மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

கடைசிச் சோதனையை ஸ்ரெயறிங்கைப் பிடித்தபடி செய்யாதீர்கள். சாரதி இருப்பது முன்பக்கத்தில். பின்பக்கச் சொக்கின் குறையை அனுபவிப்பவர் பின்சீற்றில் இருப்பவர். சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்சீற்றில் ஏறி, வீட்டு வாசலிலிருந்து கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை வரைக்கும் ஒரு தரம் போய்வாருங்கள். பிள்ளைத்தாய்ச்சியையோ சத்திரசிகிச்சை முடிந்தவரையோ ஏற்றிப் போகும் நாளில் அவர்கள் படப்போவதை நீங்கள் முதலே உணர்வீர்கள். அந்தப் பயணத்தில் முதுகு சொல்லும் எண்ணிக்கையையே கொப்பியில் கோடு போட்டு எழுதி வையுங்கள். உங்கள் காரின் சரியான நிலை அதுதான்.